இணைவும் இடைவெளியும்

நுழையும்முன்

ஆடையின் உறுதி நூலில் இருப்பதைப் போலவே அதன் தையலிலும் இருக்கிறது. மனித உடலில் 30 இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட செல்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று பற்றி நிற்பதற்கும், ஒன்றுக்கொன்று செய்தி உரைப்பதற்கும், வேண்டிய இடத்தில் விலகி நிற்பதற்கும் வழிசெய்வன செல் இணைப்புகள். தோலிலும் குடலிலும் நரம்பிலும் அமைந்த அவ்விணைப்புகளின் மூலக்கூறுகளை அறிவியலாளர் கண்டறிந்த வரலாற்றையும், அவ்வறிவு மனித உயிரைக் காக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

காரணம் அறியாத் துயரம்

நியூசிலாந்தின் வடதீவில் கடலோரமாக அமைந்த பகுதி பே ஆஃப் பிளென்டி. அப்பகுதியைச் சேர்ந்த மாவோரி இனப் பெருங்குடும்பம் ஒன்றில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறப்புகள் அடுத்தடுத்து நேர்ந்தன. ஏறத்தாழ 30 ஆண்டுகளில் 25 பேர் அளவில் இரைப்பைப் புற்றுநோயால் மடிந்தனர். அவர்களுள் மிக இளையவருக்கு வயது 14. இரைப்பைப் புற்றுநோய் பொதுவாக முதுமையில் தோன்றுவது. இக்குடும்பத்திலோ இளமையிலேயே வந்தது. தாயை இழந்த பிள்ளைகளும் பிள்ளையை இழந்த தாயரும் அக்குடும்பத்தில் பெருகினர். சாபத்தின் விளைவோ என்ற அச்சமும் அவர்களிடையே நிலவியது.

எனினும் அக்குடும்பத்தினர் அச்சத்தோடு அமைந்துவிடவில்லை. முன்னோர் வழியைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்துப் போற்றுவது மாவோரி மரபு. அம்மரபின் துணைகொண்டு யார் யார் எவ்வயதில் எந்நோயால் இறந்தனர் என்பதைத் தொகுத்துக்கொண்டு, 1990களில் டுனெடின் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழக மரபியலாளரை நாடினர். பாரி கில்ஃபோர்டும் அவருடன் பணியாற்றிய ஆய்வரும் குடும்பத்தினரின் குருதியைப் பெற்று ஆராய்ந்தனர். 1998ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் அவர்தம் முடிவு வெளிவந்தது. குறை, ஈ-கேதரின் என்னும் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் இருந்தது.

ஈ-கேதரின் நஞ்சை முறிக்கும் புரதமன்று. உணவைச் செரிக்கும் நொதியுமன்று. ஒரு செல்லை அடுத்த செல்லோடு ஒட்டவைப்பதே அதன் முதன்மையான பணி. ஒட்டுவதற்குப் பயன்படும் ஒரு புரதத்தில் நேர்ந்த பிழை ஒரு குடும்பத்தையே அழிக்கும் அளவுக்கு வலியது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண, செல்கள் கூடி வாழும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

எல்லைக் காவலர்

உடலின் புறத்தையும் உள்ளறைகளையும் போர்த்தி நிற்பது எபிதீலியத் திசு. தோலின் மேற்பரப்பு, குடலின் உட்சுவர், நுரையீரலின் காற்றறைகள், சிறுநீரக நுண்குழல்கள் ஆகியவை அனைத்தும் எபிதீலியத்தால் ஆனவை. இத்திசுவில் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி, விரித்த பாய் போல் அமைந்துள்ளன. உடலுக்கும் வெளியுலகிற்கும் இடையிலான எல்லை இதுவே. உள்ளே வரத் தக்கதை ஏற்பதும், தகாததைத் தடுப்பதும், உடலின் நீர் வீணே கசியாமல் காப்பதும் இத்திசுவின் கடமைகள்.

இக்கடமையை ஒவ்வொரு செல்லும் தனியே செய்ய இயலாது. உண்ட உணவு நகரும்போது குடல் விரிந்து சுருங்குகிறது. கையை மடக்கும்போதும் நீட்டும்போதும் தோல் இழுபடுகிறது. அத்தகைய இழுவையிலும் செல்கள் பிரிந்துவிடாமல் பிணைந்திருத்தல் வேண்டும். இரு செல்களுக்கு இடையிலுள்ள சந்து வழியாகக் கிருமியோ அமிலமோ நுழைந்துவிடாமல் அடைத்திருத்தலும் வேண்டும். பிணைத்தல், அடைத்தல் என்னும் இவ்விரு பணிகளும் வேறு வேறு அமைப்புகளால் நிறைவேறுகின்றன.

ஒளி நுண்ணோக்கி வழியே பார்த்த பழைய ஆய்வர், செல்களுக்கு இடையே கருமையான கோடுகளையும் புள்ளிகளையும் மட்டுமே கண்டனர். அவற்றைச் செல்களை ஒட்டும் ஒருவகைச் சாந்து என்று கருதினர். ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த தொலைவில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்று ஒரு நானோமீட்டர் ஆகும். செல் இணைப்புகளின் நுட்பமோ அவ்வெல்லைக்கும் கீழே இருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பின்னரே அத்திரை விலகியது.

1963ஆம் ஆண்டு மர்லின் ஃபார்குவார், ஜார்ஜ் பாலடே ஆகிய இருவரும் பல்வேறு உறுப்புகளின் எபிதீலியத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, பழைய கருங்கோடு உண்மையில் மூன்று அமைப்புகளின் தொகுதி என்று காட்டினர். செல்லின் உச்சிப் பகுதியில் இருப்பது இறுக்கமான இணைப்பு. அங்கே அண்டைச் செல்களின் சவ்வுகள் ஒன்றையொன்று தொட்டுச் சந்தை அடைக்கின்றன. அதற்கு அடுத்துக் கீழே இருப்பது ஒட்டும் இணைப்பு. அது இடுப்புக் கச்சை போல் செல்லைச் சுற்றிச் செல்கிறது. அதற்கும் கீழே ஆங்காங்கே பொத்தான் வைத்துத் தைத்தாற்போல் அமைந்தவை டெஸ்மோசோம்கள். முதலாவது அடைக்கிறது, மற்ற இரண்டும் பிணைக்கின்றன.

கால்சியம் காட்டிய வழி

அமைப்புகள் கண்ணுக்குப் புலப்பட்டன. அவை எவற்றால் ஆனவை என்பது அடுத்த வினா. விடையின் முதற்பகுதி எதிர்பாராத ஓர் இடையூற்றிலிருந்து கிடைத்தது.

ஜப்பானிய ஆய்வர் மசாட்டோஷி டக்கெய்ச்சி, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் செல்களைப் பிரித்து மீண்டும் ஒட்டவிடும் சோதனைகளைச் செய்துவந்தார். டிரிப்சின் என்னும் நொதியால் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, அக்கரைசலை மெல்லக் கலக்கினால், அவை விரைவில் மீண்டும் ஒன்று கூடின. 1970களின் நடுவில் அவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள கார்னெகி நிறுவன ஆய்வகத்திற்குச் சென்று அதே சோதனையைச் செய்தார். அங்கே செல்கள் ஒட்ட மறுத்தன.

தோல்வியுற்ற சோதனையை ஒதுக்கிவிட்டு அவர் வேறு பணிக்குச் சென்றிருக்கலாம். அவ்வாறு செல்லாமல் இரு ஆய்வகங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடினார். பால்டிமோரில் பயன்படுத்திய டிரிப்சின் கரைசலில் ஈடிடிஏ என்னும் வேதிப்பொருள் கலந்திருந்தது. கியோட்டோவில் பயன்படுத்திய கரைசலில் அது இல்லை. ஈடிடிஏ கால்சியம் அயனிகளைக் கவர்ந்து பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இவ்வேறுபாட்டிலிருந்து ஓர் உண்மை தெளிவாயிற்று. செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் பணியைச் செய்யும் ஒரு புரதம் உள்ளது. கால்சியம் உடனிருக்கும்போது டிரிப்சினால் அதனைச் சிதைக்க இயலவில்லை. கால்சியம் நீங்கியதும் அப்புரதம் தன் உறுதியை இழந்து சிதைகிறது. செல்லும் ஒட்டும் ஆற்றலை இழக்கிறது.

கால்சியத்தைச் சார்ந்த அப்புரதத்திற்குப் பின்னர்க் கேதரின் என்னும் பெயர் அமைந்தது. ஐரோப்பாவில் ரோல்ஃப் கெம்லரும் அதே புரதத்தை வேறு வழியில் அடைந்தார். எபிதீலியத்தில் உள்ளது ஈ-கேதரின் எனவும், நரம்புத் திசுவில் உள்ளது என்-கேதரின் எனவும் வழங்கப்பட்டன. ஒரு செல்லின் கேதரின், எதிர்ச்செல்லின் அதே வகைக் கேதரினைப் பற்றுகிறது. செல்லின் உட்புறத்தில் கேட்டனின் என்னும் புரதங்கள் கேதரினை ஆக்டின் இழைகளோடு பிணைக்கின்றன. இவ்வாறு ஒரு செல்லின் உட்சட்டம், அண்டைச் செல்லின் உட்சட்டத்தோடு தொடர் சங்கிலியாக இணைகிறது. கேட்டனின் என்னும் பெயரும் சங்கிலியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே.

1987ஆம் ஆண்டு டக்கெய்ச்சியின் குழு, ஒன்றோடொன்று பிணைந்து நில்லா இயல்புடைய ஒருவகைச் சுண்டெலிச் செல்களுக்குள் ஈ-கேதரின் மரபணுவைச் செலுத்தியது. அதுவரை தனித்தனியே கிடந்த செல்கள் நெருங்கிப் பிணைந்தன. மறு ஆண்டு, வேறு வேறு கேதரின்களைப் பெற்ற இருவகைச் செல்களைக் கலந்தபோது, அவை தத்தம் இனத்தோடு மட்டும் சேர்ந்து தனித்தனிக் குழுக்களாயின. செல்கள் தம் இனத்தை அறிந்து கூடும் திறன் ஒரு புரதத்தின் தேர்வில் அடங்கியிருப்பது இதனால் புலனாயிற்று.

தாழிடும் புரதம்

பிணைக்கும் புரதம் கிடைத்த பின்னரும் அடைக்கும் புரதம் நெடுங்காலம் மறைந்தே இருந்தது. அதனைத் தேடியவர் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷோய்ச்சிரோ சுகிட்டா. அவரும் மிக்கியோ ஃபுருசே முதலான மாணவரும் கோழியின் கல்லீரலிலிருந்து செல் இணைப்புகள் நிறைந்த பகுதியைப் பிரித்தெடுத்தனர். அதிலிருந்து 1993இல் ஆக்குளூடின் என்னும் புரதத்தைக் கண்டனர். இறுக்கமான இணைப்பின் அடிப்படைப் புரதம் அதுவே என்று கருதப்பட்டது.

அக்கருத்தைச் சோதித்துப் பார்க்கவும் அவர்களே முனைந்தனர். ஆக்குளூடின் இல்லாத செல்களை உருவாக்கினர். அச்செல்களிலும் இறுக்கமான இணைப்புகள் குறைவின்றித் தோன்றின. தாம் கண்டறிந்த புரதம் இன்றியமையாதது அன்று என்பதைத் தம் சோதனையாலேயே காட்டிய அக்குழு, கோழியின் கல்லீரலுக்கே மீண்டும் திரும்பியது. 1998இல் அப்பகுதியிலிருந்து இரண்டு புதிய புரதங்கள் கிடைத்தன. மூடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லைக் கொண்டு அவற்றுக்குக் கிளாடின் என்று பெயரிட்டனர். இறுக்கமான இணைப்பே இல்லாத செல்களுக்குக் கிளாடினை அளித்தபோது, அவற்றில் அடைப்பு வரிகள் புதிதாய்த் தோன்றின. இம்முறை ஐயத்திற்கு இடமிருக்கவில்லை.

பாலூட்டிகளில் இருபதுக்கும் மேற்பட்ட கிளாடின்கள் உள்ளன. அவை ஒரே பூட்டின் படிகளல்ல. சில முழுமையாக அடைக்கின்றன. சில குறிப்பிட்ட அயனிகளுக்கு மட்டும் வழிவிடுகின்றன. சிறுநீரகத்தில் உள்ள 16ஆம் கிளாடின் மெக்னீசியத்தை உடலுக்குள் மீட்பதற்குத் தேவையானது. அதில் பிழை உள்ளோர் சிறுநீரோடு மெக்னீசியத்தை இழக்கின்றனர். முதலாம் கிளாடின் இல்லாமல் பிறந்த சுண்டெலிகள், உடல்நீர் தோல் வழியே வெளியேறியமையால் பிறந்த ஒரு நாளுக்குள் இறந்தன. தோலின் மேலுள்ள இறந்த செல்களின் அடுக்கே நீரைக் காக்கிறது என்று அதுவரை எண்ணியிருந்தனர். உயிருள்ள செல்களுக்கு இடையிலான தாழும் அதே அளவு தேவை என்பதை 2002இல் வெளியான இவ்வாய்வு உணர்த்தியது. மூன்றாண்டுகளுக்குப் பின், 52ஆம் வயதில் சுகிட்டா மறைந்தார். கணையத்தின் எபிதீலியத்திலிருந்து எழுந்த புற்றுநோயே அவர் உயிரைக் கவர்ந்தது.

சுவரில் திறந்த வாயில்

பிணைத்தலும் அடைத்தலும் மட்டும் கூட்டுவாழ்வுக்குப் போதா. அண்டைச் செல்கள் தமக்குள் பொருள்களையும் செய்திகளையும் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். அப்பணிக்கு அமைந்தவை இடைவெளி இணைப்புகள். 1967இல் ழான்-பால் ரெவலும் மோரிஸ் கார்னோவ்ஸ்கியும் இலந்தனம் என்னும் தனிமத்தைக் கொண்டு திசுவை ஆய்ந்தபோது, சில இடங்களில் இரு சவ்வுகள் தொட்டும் தொடாமலும் மிக நுண்ணிய சந்தோடு அருகருகே நிற்பதைக் கண்டனர். அச்சந்தைக் குறுக்காகக் கடந்து நுண்குழல்கள் ஒரு செல்லிலிருந்து மறு செல்லுக்குச் செல்கின்றன.

கனெக்சின் என்னும் புரதங்கள் ஆறு வட்டமாகக் கூடி அரைக்குழலாகின்றன. எதிர்ச்செல்லின் அரைக்குழலோடு அது பொருந்தும்போது முழுக்குழல் உருவாகிறது. அயனிகளும் சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகளும் அதன் வழியே செல்லும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் செல்லா. இதயத் தசைச் செல்கள் ஒருமித்துத் துடிப்பதற்கு இக்குழல்கள் வழியே பாயும் மின்னோட்டமே துணைசெய்கிறது.

உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச் செல்களைச் சூழ்ந்துள்ள துணைச் செல்கள், கனெக்சின் 26 என்னும் புரதத்தாலான குழல்களால் இணைந்துள்ளன. உட்செவியில் அயனிகளின் அளவு சீராக நிலைபெற அவை உதவுகின்றன. அப்புரதத்தின் மரபணுப் பிழை பிறவிச் செவித்திறன் குறைபாட்டின் முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பது 1997 முதல் தெரியவந்தது. இப்புரதத்தின் 24ஆம் இடத்தில் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்க வேண்டிய குறியீடு, ‘நிறுத்துக’ என்னும் குறியீடாக மாறிவிடும் சடுதிமாற்றம் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுகிறது. ஒருவருக்கு இக்குறை வெளிப்பட, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் பிழையுள்ள மரபணு வந்துசேர வேண்டும். தாய்மாமனையும் அத்தை, மாமன் மக்களையும் மணக்கும் வழக்கமுள்ள சமூகங்களில், ஒரே முன்னோரிடமிருந்து வந்த பிழை இருவழியிலும் சேரும் வாய்ப்பு கூடுகிறது. எனவே தமிழ்நாட்டில் இவ்வறிவு பாடநூலுக்கு உரியது மட்டுமன்று. குடும்பங்களின் முடிவுகளுக்கும் உரியது.

நரம்பின் இடைவெளி

எபிதீலியத்தில் செல்கள் நெருங்கி நிற்கின்றன. நரம்புத் திசுவிலோ செல்கள் நீண்ட கிளைகளைப் பரப்பித் தொலைவிலுள்ள செல்களைச் சென்றடைகின்றன. அங்கே அவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றனவா, தொட்டு நிற்கின்றனவா என்பது பெரும் விவாதமாக இருந்தது. இத்தாலியரான கமில்லோ கோல்ஜி, நரம்பு மண்டலம் முழுவதும் ஒரே தொடர்ந்த வலை என்றார். ஸ்பெயின் நாட்டவரான சாந்தியாகோ ரமோன் இ கஹால், கோல்ஜி கண்டறிந்த வெள்ளிச் சாயமுறையையே கையாண்டு, ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்த அலகு என்றார். 1906ஆம் ஆண்டு நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. பரிசேற்பு உரையிலும் இருவரும் தத்தம் கொள்கையையே வலியுறுத்தினர்.

இரு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்திற்கு 1897இல் சார்லஸ் ஷெரிங்டன் வழங்கிய பெயர் சினாப்ஸ். 1950களின் நடுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கி விவாதத்தை முடித்துவைத்தது. வேதியியல் முறையில் செய்தி கடத்தும் சினாப்சில் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலமுள்ள இடைவெளி காணப்பட்டது. ஒளி நுண்ணோக்கியால் காண இயலாத அவ்விடைவெளியை, தெளிந்த உற்றுநோக்கலால் முன்னரே உய்த்துணர்ந்திருந்தார் கஹால். மின்தூண்டல் அங்கு வந்து சேர்ந்ததும் நரம்புணர்த்திப் பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, எதிர்ச்செல்லின் ஏற்பிகளைத் தூண்டுகிறது.

எனினும் கோல்ஜியின் கருத்து முற்றிலும் பொருளற்றதன்று. 1950களின் இறுதியில் எட்வின் ஃபர்ஷ்பானும் டேவிட் பாட்டரும் நன்னீர் இறால் வகையொன்றில், மின்னோட்டம் ஒரு நரம்புச் செல்லிலிருந்து மற்றொன்றுக்கு நேரே பாயும் சினாப்சைக் கண்டனர். இத்தகைய மின் சினாப்சின் அமைப்பு, எபிதீலியத்தில் உள்ள அதே இடைவெளி இணைப்பே. விரைவு தேவைப்படும் இடத்தில் இயற்கை வாயிலைத் திறக்கிறது. தேர்வும் கட்டுப்பாடும் தேவைப்படும் இடத்தில் இடைவெளியை வைக்கிறது.

இருபுறமும் பிரிந்து நிற்கும் சவ்வுகள் எவ்வாறு நேருக்கு நேராக நிலைபெறுகின்றன? அங்கும் பிணைக்கும் புரதங்கள் உள்ளன. 1992இல் தாமஸ் சூடாஃபின் குழு, கருங்கைம்பெண் சிலந்தியின் நஞ்சு நரம்பு முனையில் எதனைப் பற்றுகிறது என்று தேடியபோது நியூரெக்சின் என்னும் புரதத்தைக் கண்டது. எதிர்ச்சவ்விலிருந்து அதனைப் பற்றும் நியூரோலிஜின் சில ஆண்டுகளில் அறியப்பட்டது. நரம்புச் செல்லல்லாத ஒரு செல்லுக்கு நியூரோலிஜினை அளித்து, அருகில் நரம்புச் செல்லை வளர்த்தபோது, நரம்பின் கிளை அச்செல்லைத் தொட்ட இடத்தில் செய்தி அனுப்பும் முனையை அமைத்தது. பிணைக்கும் புரதம் சினாப்ஸ் அமைவதற்கான அழைப்பாகவும் விளங்குவதை 2000இல் வெளியான இவ்வாய்வு காட்டியது. இவ்விரு புரதங்களின் மரபணுப் பிழைகள் ஆட்டிசம் உள்ளோர் சிலரிடம் காணப்பட்டுள்ளன.

ஒரே தாளில் பிறந்த இரு திசுக்கள்

தோலும் மூளையும் தொடர்பற்ற உறுப்புகள் போலத் தோன்றும். கருவில் அவை ஒரே தாளிலிருந்து பிறக்கின்றன. கருவின் புற அடுக்கான எக்டோடெர்ம் ஓர் எபிதீலியம். அதன் நடுப்பகுதி தடித்து, குழிந்து, விளிம்புகள் கூடி நரம்புக் குழலாகிறது. இக்குழலே பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும். மேலே எஞ்சிய அடுக்கு தோலாகிறது.

இப்பிரிவு நிகழும்போது, குழலாகும் செல்கள் ஈ-கேதரினைக் கைவிட்டு என்-கேதரினை ஏற்கின்றன. தோலாகும் செல்களோ ஈ-கேதரினையே தொடர்ந்து கொண்டிருக்கின்றன. ஒரே வகைக் கேதரின் உடையவை ஒன்று கூடுமென்ற ஆய்வகச் சோதனையின் உண்மை, கருவில் இயல்பாகவே செயற்படுகிறது.

பிறப்பிடம் ஒன்றாதலால் இணைப்பு முறையிலும் உறவு தொடர்கிறது. பழப்பூச்சியின் எபிதீலியச் செல்களுக்கு இடையே ஏணிப்படிகள் போன்ற தடுப்பிணைப்புகள் உள்ளன. 1996இல், மன்சூர் பட், ஹ்யூகோ பெலன் முதலிய ஆய்வர் இடம்பெற்ற குழு, இப்படிகள் அமைய நியூரெக்சின் 4 என்னும் புரதம் தேவை என்று கண்டறிந்தது. அப்புரதம் இல்லாத கருவில் நரம்புகளைச் சூழ்ந்த காப்பும் குலைந்தது. பொட்டாசியம் மிகுந்த உடல்திரவம் நரம்பைச் சென்றடைய, அப்பூச்சிக்கரு அசைவற்றுப் போயிற்று.

முதுகெலும்பிகளின் நரம்பிலும் இதன் உறவுப் புரதமான காஸ்பர் உள்ளது. முதுகெலும்பிகளின் ஆக்ஸானை மயலின் உறை சுற்றியுள்ளது. உறை இடைவிடும் ரான்வியர் கணுக்களில் சோடிய வாயில்கள் செறிந்துள்ளன. சற்று அப்பால் உறைக்குக் கீழே பொட்டாசிய வாயில்கள் உள்ளன. இரண்டையும் பிரித்து நிற்பது, கணுவின் இருபுறமும் மயலின் விளிம்பு ஆக்ஸானைப் பற்றும் இணைப்பு. 2001இல், காஸ்பர் இல்லாத சுண்டெலிகளில் இவ்விணைப்பின் படிகள் மறைந்தன. பொட்டாசிய வாயில்கள் கணுவை நோக்கி நகர்ந்தன. நரம்புத் தூண்டலின் வேகம் குறைந்தது. எலிகள் நடுங்கித் தள்ளாடின. கணுவுக்குக் கணு தாவிச் செல்லும் நரம்புத் தூண்டல், எபிதீலியத்தின் பழைய வேலியொன்றை நம்பியே விரைகிறது.

மூளையின் காப்பும் இத்தகையதே. மூளையின் நுண்குருதிக் குழாய்களை உட்புறம் போர்த்தியுள்ள செல்கள் இறுக்கமான இணைப்புகளால் தாழிடப்பட்டுள்ளமையை 1967இல் தாமஸ் ரீஸும் கார்னோவ்ஸ்கியும் காட்டினர். குருதியில் உலவும் பல நச்சுப்பொருள்கள் மூளைக்குள் புகாமைக்கு இதுவே காரணம். பல மருந்துகள் மூளையைச் சென்றடையாமைக்கும் இதுவே காரணம். அதனால் இத்தாழைத் தேவையான பொழுது மட்டும் திறந்து மூடும் வழியை மருத்துவ உலகம் தேடிவருகிறது.

தையல் பிரிந்தால்

இணைப்பின் பயன், அது குலையும்போது தெளிவாகிறது. பெம்ஃபிகஸ் என்னும் நோயில் தோலிலும் வாயினுள்ளும் கொப்புளங்கள் எழுந்து உடைகின்றன. ஸ்டீராய்டு மருந்துகள் வருமுன் இந்நோய் பெரும்பாலும் உயிரைப் போக்கியது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள், டெஸ்மோசோமில் உள்ள டெஸ்மோகிளின் என்னும் புரதத்தையே பகையென்று கருதித் தாக்குவது இதற்குக் காரணம். 1991இல் அப்புரதம் கேதரின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறியப்பட்டது. மேற்தோலின் செல்கள் நலமாகவே இருக்கின்றன. அவற்றின் பிணைப்பு மட்டும் அறுகிறது. அதுவே உடலைக் குலைக்கப் போதுமானதாகிறது.

மாவோரிக் குடும்பத்தின் துயரமும் இப்போது விளங்கும். ஒவ்வொரு செல்லிலும் ஈ-கேதரின் மரபணு இரண்டு படிகளாக உள்ளது. அக்குடும்பத்தில் பாதிப்புற்றோர் ஒரு படி பிழையுற்ற நிலையிலேயே பிறந்தனர். மற்றொரு படி இயங்கும்வரை செல்கள் பிணைந்திருந்தன. வாழ்நாளில் ஏதேனும் ஓர் இரைப்பைச் செல்லில் அப்படியும் செயலிழந்தபோது, அச்செல் அண்டைச் செல்களின் பிடியிலிருந்து விடுபட்டது. பிடி தளர்ந்த செல்கள் கட்டியாகத் திரளாமல், மணல் சிதறினாற்போல் இரைப்பைச் சுவருக்குள் தனித்தனியே பரவின. கட்டி இல்லாமையால் உள்நோக்குக் கருவியின் கண்ணுக்கும் அவை எளிதில் அகப்படவில்லை. நோய் வெளிப்பட்டபோது காலம் கடந்திருந்தது.

மரபணு கண்டறியப்பட்ட பின் நிலை மாறியது. ஒரு துளிக் குருதியின் ஆய்வு, பிழையைப் பெற்றோர் யார், பெறாதோர் யார் என்று கூறிவிடுகிறது. பெற்றோருள் ஒருவருக்குப் பிழை இருப்பின் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு சரிபாதி. பெறாதோர் தலைமுறை அச்சத்திலிருந்து விடுபட்டனர். பெற்றோர் பலர், நோய் முற்றுமுன் இரைப்பையை அறுவையால் நீக்கிக்கொள்ளும் கடினமான முடிவை மேற்கொண்டனர். அவ்வாறு நீக்கப்பட்ட இரைப்பைகளுள் பலவற்றில், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய புற்றுத் துணுக்குகள் முன்னரே தோன்றியிருந்தன. இரைப்பையின்றி வாழ்வோர் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டும். சத்துக் குறையாமல் காத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் அவர்கள் தம் பிள்ளைகள் வளர்வதைக் காண வாழ்கின்றனர். அவர்தம் ஆய்வின் பயனாக, உலகின் பல நாடுகளில் அதே பிழையைச் சுமந்த குடும்பங்களும் தம் நோயின் பெயரை அறிந்தன.

கியோட்டோவில் ஒட்டிய செல்கள் பால்டிமோரில் ஒட்டாமற்போனது ஏன் என்று டக்கெய்ச்சி கேட்டபோது, அவ்வினாவிற்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை எவரும் அறிந்திருக்கவில்லை. கேதரின் ஆய்வுக்காகக் கெம்லருக்கும் அவருக்கும் 2020இல் கனடாவின் கைர்ட்னர் விருது வழங்கப்பட்டது. சிறிய முரண்பாடு ஒன்றைப் புறக்கணியாத ஆய்வரின் பொறுமையும், தம் முன்னோரின் இறப்புகளை மறவாது எழுதிவைத்த குடும்பத்தின் நினைவும் ஒரே புரதத்தில் வந்து சந்தித்தன. செல்களுக்கு இடையிலான நுண்ணிய பிடியை அறிந்ததனால், மனிதரை மனிதரோடு பிணைக்கும் பிடி ஒரு குடும்பத்தில் அறுபடாமல் காக்கப்பட்டது.